இரண்டு கஞ்சியும் ஒரு பொய்யும்

குழந்தைக்குக் கஞ்சி ஊட்டும்போது கரண்டியை வாயின் நடுவே நீட்டக் கூடாது, ஃபாதர். ஓரமாகக் கொடுத்தால் துப்பாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டேன். பேசுவதைவிடப் பார்ப்பது எனக்கு எளிது.

நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தது அதற்காகத்தான். கொஞ்சம் விளக்கினால் உங்களுக்குப் புரியும்.

பாலக்கரையில் எங்கள் வீட்டைப் புனித நீர் தெளித்து மந்திரிக்க நீங்கள் வந்திருக்கிறீர்கள். அண்ணன் ஜோஸ்வினின் இரட்டைப் பிள்ளைகளான ஆரோனும் ஜெரோமும் கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகு அந்த வீட்டில் சமாதானம் இல்லை. அம்மா மண்ணச்சநல்லூர் அரிசியையும் பாசிப்பருப்பையும் வறுத்து மில்லில் அரைத்து வருவார். லின்சி அண்ணி ஸ்ரீரங்கத்தில் ஒரு கடையிலிருந்து ஆர்கானிக் கஞ்சி மாவு வாங்கி வருவார். பாக்கெட் முழுக்கப் பச்சை இலைப் படங்கள்.

"ஆர்கானிக்காம் ஆர்கானிக்கு. அப்ப ஒம் புருஷனுக்கு நான் பிளாஸ்டிக்கையா ஊட்டி வளத்தேன்?" என்பார் அம்மா.

"அதான் அத்தை, முப்பத்தஞ்சு வயசாகியும் நீங்க தட்டுல போட்டாத்தான் சாப்புடறாரு."

அண்ணன் தலையைக் குனிந்து சாப்பிடுவான். நானும் அப்படித்தான். வேதியியலில் ஆர்கானிக் என்றால் கரிமச் சேர்மம். அந்தக் கணக்கில் மண்ணெண்ணெயும் ஆர்கானிக்தான். இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்து என்மேல் பாய்ந்திருப்பார்கள்.

அண்ணன், அண்ணி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. எம்.எஸ்சி. முடித்து நான் சும்மா இருந்ததால் ஊட்டுவது என் பொறுப்பானது. அவள் பாக்கெட்டைத் தொடாதே என்றார் அம்மா. அத்தை மாவைத் தொடாதே என்றார் அண்ணி. இருவரிடமும் சரி என்றேன்.

அது பொய் இல்லை. ஆரோனுக்கு வீட்டுக் கஞ்சியும் ஜெரோமுக்குக் கடைக் கஞ்சியும் கொடுத்தேன். ஆளுக்குப் பாதி வாக்கைக் காப்பாற்றினேன். இரண்டும் ஒரே கருமுட்டையில் உருவான பிள்ளைகள். இப்படி ஒரு ஜோடி எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காது. யார் யாரென்று தெரிய அம்மாவே வழி செய்திருந்தார். ஆரோன் கழுத்துக் கயிற்றில் மாதா படம் பொறித்த சுருபம், ஜெரோம் கழுத்தில் அந்தோணியார் சுருபம்.

முதலில் முடிவே கிடைக்கவில்லை. இருவரும் ஒரே மாதிரி கொழுகொழுவென்று இருந்தார்கள். தவறு எங்கே என்று யோசித்தேன். கஞ்சியைத் தவிர வேறு நிறைய உள்ளே போய்க்கொண்டிருந்தது. எனவே வாழைப்பழத்தையும் முட்டையையும் நான் சாப்பிட்டேன். புட்டிப் பாலில் தண்ணீரைக் கூட்டினேன். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்துச் சொட்டு மருந்தைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன். செம்பருத்தி நன்றாகப் பூத்தது.

பிள்ளைகள் இளைக்கத் தொடங்கினார்கள்.

"எல்லாம் அந்தப் பாக்கெட்டு பண்ற வேலை" என்றார் அம்மா.

"மில்லுல மொளகா அரைச்ச மிஷின்லதான அத்தை இதையும் அரைக்கிறாங்க?" என்றார் அண்ணி.

இரண்டு பேருக்குமே கவனித்துப் பார்க்கும் பழக்கம் இல்லை. டாக்டரிடம் போவோம் என்று அண்ணன் ஒருமுறை சொன்னான். பல் முளைக்கும் நேரம், அப்படித்தான் இருக்கும் என்றேன். நான் படித்தவள் என்பதால் நம்பினான்.

பிறகு ஜெரோமுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அம்மா உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கிண்ணத்தில் என்னிடம் ஊட்டக் கொடுத்தார். அது இரண்டு கட்சியிலும் சேராத உணவு. கொடுத்தால் ஆய்வு கெட்டுவிடும். அதுவும் செம்பருத்திக்குப் போனது. அந்த முறை செடி வாடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொழந்தைக்கு என்ன சாப்பாடு குடுக்குறீங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக் கஞ்சிதாங்க" என்றார் அம்மா.

"இல்ல டாக்டர், ஆர்கானிக்" என்றார் அண்ணி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஊட்டுறது நீங்கதான? நீங்க சொல்லுங்கம்மா."

"ரெண்டுந்தான் டாக்டர். பாலு, முட்டை, பழம், கரைசல் எல்லாமே நல்லா சாப்புட்டான்."

அதுதான் நான் சொன்ன பொய்.

மறுநாள் மதியம் ஜெரோம் இறந்துபோனான். அடக்கப் பூசை நீங்கள்தான் வைத்தீர்கள். கல்லறையில் அம்மா மாரில் அடித்துக்கொண்டு சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: "அந்தோணியாரே, செவ்வாக்கெழமைக்குச் செவ்வாக்கெழமை எந்தப் புள்ள சொணங்கிக் கெடந்துச்சோ அந்தப் புள்ள கழுத்துல ஒன் சுருபத்தை மாத்தி மாத்திப் போட்டேனே, கைவிட்டுட்டியே."

அப்போதுதான் நான் அழுதேன். நீங்கள் என் தோளைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

அண்ணிக்குச் சுருபம் தேவையில்லை. தூக்கும்போதே எந்தப் பிள்ளை என்று தெரிந்துவிடும். நான் முகத்தைப் பார்த்ததே இல்லை, கழுத்தைத்தான் பார்த்தேன். எந்தப் பிள்ளை எந்தக் கஞ்சியைக் குடித்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இத்தனை உழைப்பும் வீண். அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு அறிவியல் தெரியாது.

ஒரு நன்மையும் நடந்திருக்கிறது. தன் கஞ்சிதான் கொன்றது என்று அம்மா நினைக்கிறார். தன் பாக்கெட்தான் என்று அண்ணி நினைக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வீட்டில் இப்போது சண்டையே இல்லை.

இங்கே சொல்வதை நீங்கள் வெளியே சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். நல்ல ஏற்பாடு.

உறையூர்ப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் நீங்கள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதற்கு நன்றி. சமைப்பதும் ஊட்டுவதும் அங்கே என் வேலை. நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில் ஆரோனையும் அங்கேயே சேர்க்கிறார்கள். நிறையக் குழந்தைகள் இருக்கிறார்கள், ஒன்று போல ஒன்று இல்லை. கழுத்தில் எதுவும் போடக் கூடாது என்பது அங்கே விதி. இந்த முறை குழப்பம் வராது.

ஒரே ஒரு பொய்தான், ஃபாதர். அதற்கு எத்தனை செபம் அபராதமோ சொல்லுங்கள். திங்கட்கிழமை வேலையில் சேர்வதற்குள் முடித்துவிடுகிறேன்.