பதினோரு வீட்டுக்கும் ஒரே பதில்

மலாயாவில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம். தம்பினிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸில், மக்கள் தொடர்பும் கள ஆய்வும் படிக்கிற மாணவன் ஒருவன் எனக்கு முன்னால் உட்கார்ந்து தோழனிடம் சொன்னான்:

"எங்க தோட்டத்து லயத்துல பதினோரு வீட்டுலயும் கேட்டேன், காட்டுல ஒளிஞ்சிருக்கிறவங்க வந்தாங்களான்னு. எல்லாரும், 'யாரும் வரலை ஐயா, வந்தா சொல்றோம்'னாங்க. ஒரு வார்த்தை மாறலை."

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"அதைத்தான்லா கண்டுபிடிக்கணும். அப்படி ஒரே பதில் வந்தா நம்பாதேன்னு வகுப்புல சொல்லியிருக்காங்க."

வழியில் சோதனைக்காக பஸ்ஸை நிறுத்தினார்கள். துப்பாக்கியோடு ஏறிய போலீஸ்காரர் நேரே மாணவனிடம் வந்து, அடையாள அட்டையில் விலாசத்தைப் பார்த்தார்.

"உன் தோட்டத்துக்குக் காட்டு ஆளுங்க வந்தாங்களா?"

"யாரும் வரலை ஐயா, வந்தா சொல்றோம்."

அவர் இறங்கிப் போனார். பஸ் கிளம்பியது.

"உனக்கு யாருடா சொல்லிக் கொடுத்தா?" என்றான் தோழன்.

"யாரும் இல்லலா. தானா வந்துச்சு."