இறக்கத்தில் எழுப்பாதே

ராத்திரி இரண்டு மணி. மலைச் சாலை. முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் வெறும் இருட்டு...

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இன்றைக்கு இரவே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் இருந்தால் இப்போதே கிளம்பிவிடுங்கள். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

இது எனக்கு நடந்ததில்லை. என் நண்பனின் அக்காவுக்கு நடந்தது. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பொய் சொல்லத் தெரியாதவள். சின்னப் பொய் சொன்னாலே காது சிவந்துவிடும். இதைச் சொன்னபோது காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்துப் போயிருந்தது.

அக்கா வேலை பார்த்த கம்பெனி ஒரு கருவி செய்துகொண்டிருந்தது. டிரைவர் கண் அசந்தால் எழுப்பிவிடுகிற கருவி. கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறதில்லை. கண் ஏமாற்றும். திறந்த கண்ணோடு தூங்குகிறவர்கள் உண்டு. இது நேரே உடம்பைக் கேட்கும். மார்பில் ஒரு பட்டை, இதயத் துடிப்புக்கு. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுகிற வில்லைகள், மூளையிலிருந்து வருகிற மெல்லிய மின்சாரத்துக்கு. எல்லாம் ஒயர் வழியாக அக்காவின் மடியிலிருக்கும் லேப்டாப்புக்கு வந்துவிடும். விழித்திருக்கிறவனின் கோடு எறும்புச் சாரை மாதிரி, பொடிப்பொடியாக, நெருக்கமாக ஓடும். தூக்கம் வர வர அலை பெரிதாகும். சோம்பலாகும். ஆழ்ந்து தூங்கிவிட்டால் கடல் மாதிரி... எழும், விழும், எழும், விழும். உடனே சீட்டுக்குப் பின்னால் அலாரம் அலறும். செத்தவன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

கருவியைச் சோதிக்க ராத்திரி லாரிகளில் கூடவே போக வேண்டும். அக்காவுக்குக் கிடைத்த டிரைவருக்கு ரேடியோ என்று பெயர். யார் வைத்ததோ, பொருத்தமாக வைத்திருந்தார்கள். வண்டியைக் கிளப்பினால் பேச ஆரம்பிப்பார், இடம் போய்ச் சேர்ந்தால்தான் நிறுத்துவார். மாமியார் கதை, பல் பிடுங்கிய கதை, மச்சான் வாங்கிய ஓட்டை வண்டியின் கதை. வாய் ஓயாமல் இருந்தால் கண் மூடாது என்பது அவர் கணக்கு. வில்லைகளைக் கழற்றினால் நெற்றியில் வட்ட வட்டமாகச் சிவந்திருக்கும். யார் கொடுத்த முத்தம் என்று வீட்டில் தினமும் விசாரணை நடக்கிறதாம். அதையும் சொல்லிச் சிரிப்பார்.

அன்றைக்கு அவர் தூங்காமல் வந்திருந்தார். மகளுக்குக் காய்ச்சல். ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி, பகலெல்லாம் ஆஸ்பத்திரி. இன்றைக்கு வேண்டாம், வேறு யாரையாவது அனுப்பச் சொல்லலாம் என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வேறு டிரைவர் இல்லை. லாரி நிறையக் கண்ணாடிப் பலகைகள். காலையில் போய்ச் சேர்ந்தாக வேண்டிய சரக்கு. நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்களே மேடம், உங்கள் மிஷினும் இருக்கிறது, அப்புறம் எனக்கென்ன என்றார்.

ஆனால் மிஷின் அன்றைக்குப் படுத்தியது. சாலை முழுக்கப் பள்ளம். வண்டி குலுங்கினால் ஒயர் ஆடும், ஒயர் ஆடினால் அலாரம் அடிக்கும். மலை ஏறும்போது ஒரு வளைவில் அது சும்மாவே அலற, ரேடியோ திடுக்கிட்டு ஸ்டியரிங்கை ஒடிக்க, பின்சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. வண்டியை மேலே கொண்டுவந்தபின் அக்கா பக்கம் திரும்பினார்.

"மேடம், கும்பிட்டுக் கேக்கறேன், அத அணைச்சிடுங்க. தூக்கத்துல சாகறேனோ இல்லையோ, இந்தச் சத்தத்துலயே செத்துருவேன்."

அக்கா தானாக அடிப்பதை நிறுத்தினாள். அதற்குப் பதில் ஒரு பொத்தான் உண்டு, ஒயரோடு கையில் பிடித்துக்கொள்வது. தேவைப்பட்டால் அவளே அழுத்திக்கொள்ளலாம்.

உச்சிக்கு வந்தார்கள். இனி இறக்கம். ரேடியோ ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் வந்தார், பார்த்தார், பயப்பட ஒன்றும் இல்லை, இது சாதாரண...

அதோடு நின்றுவிட்டது.

வளைவு வருகிறது, கவனமாக ஓட்டுகிறார் என்று அக்கா நினைத்தாள். வண்டி அழகாகத் திரும்பியது. அடுத்த வளைவு. அதுவும் அப்படித்தான். பின்னால் கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசி, கிணிங்... கிணிங்... என்று மெல்லக் கேட்டன. அதுவரை தடதடவென்று இருந்த சத்தம் இப்போது அவ்வளவுதான். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி ஓட்டினார் என்று அக்கா சொன்னாள். ரேடியோ அப்படி ஓட்டுகிறவரே இல்லை.

அப்போதுதான் ஒரு வாசனை. ஈரத் துணியைக் காயாமல் மடித்துப் பெட்டிக்குள் வைத்தால் வருமே... அந்த வாசனை. மழை பெய்தே பல மாதம் ஆகியிருந்தது.

அக்கா லேப்டாப்பைப் பார்த்தாள்.

அலை எழுந்தது, விழுந்தது. எழுந்தது, விழுந்தது. கடல்.

பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ரேடியோவின் கண் திறந்திருந்தது. கை ஸ்டியரிங்கில். கால் பிரேக்கைத் தொட்டது, விட்டது. கியர் மாறியது. தூங்குகிற ஆள் இதெல்லாம் செய்வானா? வில்லை கழன்றிருக்கும் என்று நினைத்துக் கையை நீட்டி அவருடைய காதுக்குப் பின்னால் தொட்டாள். கெட்டியாகத்தான் ஒட்டியிருந்தது. விரல் பட்ட இடம் வெதுவெதுப்பாக, லேசாக வேர்த்திருந்தது. தூங்குகிற குழந்தையின் கழுத்தைத் தொட்டிருக்கிறீர்களா? அந்த வேர்வை.

தொட்டதற்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதயத் துடிப்பைப் பார்த்தாள். மெதுவாக, சீராக, சுகமாக அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா... கெட்டாலும் ஒரே பொய்யைச் சொல்லுமா?

தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டாள். "அண்ணே... தண்ணி வேணுமா?"

அவர் சாலையைப் பார்த்தபடியே ஒரு வளைவைத் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து, வாய் அதிகம் அசையாமல், ரொம்பத் தணிந்த குரலில் சொன்னார்.

"மெதுவாப் பேசு பாப்பா. இப்பத்தான் தூங்கினான்."

ரேடியோ அவளை மேடம் என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. குரல் அவருடையதுதான். பேச்சு அவருடையது இல்லை.

அக்காவின் கட்டைவிரல் பொத்தானிலேயே இருந்தது. அழுத்தலாமா? அழுத்தினால் என்ன ஆகும்? ரேடியோ விழிப்பார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பார்... ஒரு பக்கம் பள்ளம், பின்னால் அத்தனை கண்ணாடி, காலடியில் செங்குத்தான இறக்கம். ஏறும்போதே திடுக்கிட்டு ஸ்டியரிங்கை ஒடித்த ஆள். அழுத்தாவிட்டால்? தூங்குகிற மனுஷனின் கையை வைத்து யாரோ ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உட்கார்ந்திருந்தாள். வேறு வழி தெரியவில்லை. உள்ளங்கை வேர்த்து ஒயர் வழுக்கியது. திரையில் அலை எழுந்தது, விழுந்தது. ஒருமுறை அந்தக் குரல் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி, பாவம், புள்ளைக்கு முடியலன்னு கண்ணே மூடல இவன், என்றது. அதில் கோபம் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. நிஜமான இரக்கம்தான். அதுதான் தாங்க முடியவில்லை என்றாள் அக்கா.

பாதி இறங்கியிருப்பார்கள். திடீரென்று வண்டி ஓரம் கட்டி நின்றது. ஹெட்லைட் அணைந்தது. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் அக்கா இருட்டைப் பார்த்தாள்.

கீழே வளைவில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு லாரி ஏறி வந்தது. பெரிய லாரி, நடுச் சாலையில் வந்தது. இவர்கள் நிற்காமல் இருந்திருந்தால் அந்த வளைவிலேயே முட்டியிருப்பார்கள். ஹாரன் இல்லை. பக்கவாட்டில் ஒரு கை இடைவெளியில், நிதானமாகக் கடந்து போனது. அதன் கேபினுக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அதன் டிரைவரை அக்கா நன்றாகப் பார்த்தாள்.

தலை பின்னால் சாய்ந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. கண் மூடியிருந்தது.

ரேடியோவின் வலது கை ஸ்டியரிங்கிலிருந்து எழுந்தது. டிரைவர்கள் எதிரில் தெரிந்தவனைப் பார்த்தால் கையைத் தூக்குவார்களே, அப்படி.

அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கை எழுந்தது. தலை அப்படியேதான் சாய்ந்து கிடந்தது.

லாரி போய்விட்டது. ஹெட்லைட் எரிந்தது. இவர்கள் வண்டி மறுபடி இறங்க ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு அக்கா எதையும் பார்க்கவில்லை. திரையை மட்டும் பார்த்தாள். சாலை சமமாகி, சக்கரத்தின் சத்தம் மாறியபோதுதான் அடிவாரம் வந்துவிட்டது என்று புரிந்தது. வண்டி ஒரு மரத்தடியில் நின்றது. எஞ்சின் அணைந்தது. ஹேண்ட் பிரேக் இழுக்கும் சத்தம்... கறகறவென்று. பிறகு அந்தக் குரல்.

"நான் இங்கயே இறங்கிக்கறேன். இனி எழுப்பு."

ரேடியோவின் தலை மெல்லச் சரிந்து மார்பில் விழுந்தது. கை இரண்டும் ஸ்டியரிங்கிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தன. ஈரத் துணி வாசனை போய்விட்டது. கதவு திறக்கவில்லை, யாரும் இறங்கவில்லை. அவர் குறட்டை விட ஆரம்பித்தார்.

அக்கா பொத்தானை அழுத்தினாள்.

அவர் அலறிக்கொண்டு எழுந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, நின்றிருந்த வண்டிக்குப் பிரேக்கை மிதித்தார். மிதித்த காலை எடுக்கவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். சமவெளி. தூரத்தில் ஒன்றிரண்டு விளக்குகள். அவருடைய முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது.

"மேடம்," என்றார். "மலை எங்க?"

அக்கா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. விடியும்வரை இரண்டு பேரும் அந்த மரத்தடியிலிருந்து நகரவில்லை. காலையில் சரக்கை இறக்கினார்கள். ஒரு கண்ணாடியில்கூடக் கீறல் இல்லை. ரேடியோ அதற்குப் பிறகு லாரி ஓட்டவில்லை. மனைவியின் அண்ணன் கடையில் கல்லாவில் உட்கார்ந்தார். பகலில் மட்டும். மகளுக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டது.

அக்கா மேலாளரிடம் போனாள். பேய் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. தூங்கி ஆழத்துக்குப் போனபின் அலாரம் அடிக்கக் கூடாது, தூக்கம் தொடங்குவதற்கு முன்பே அடித்தால் அடிக்கட்டும், தூங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று மட்டும் கெஞ்சினாள். அவர் அவளையே பார்த்தார். தூங்குகிற டிரைவரை எழுப்பாமல் விடுவதற்கு நமக்கு எதற்கு ஒரு கருவி என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றைய பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டார். அக்கா வேலையை விட்டாள்.

ஒயர் கோளாறையெல்லாம் சரிசெய்து, கருவியை லாரிகளில் மாட்டினார்கள். அது நன்றாகவே வேலை செய்தது. நிறையப் பேரை எழுப்பியது. அவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஒரு ராத்திரி, அதே மலையில், இறக்கத்தில் ஒரு லாரி பள்ளத்தில் போய்விட்டது. டிரைவர் வயதானவர், கைதேர்ந்தவர், குடிக்காதவர். கருவி சரியான நேரத்தில்தான் அலறியிருக்கிறது. அவரும் விழித்திருக்கிறார். அப்புறம் எப்படி விழுந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். இடுப்புக்குக் கீழே முழுக்கக் கட்டு. அவர் தன் இரண்டு கைகளையும் போர்வைமேல் விரித்துவைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்ன கேட்டும் வாயைத் திறக்கவில்லையாம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தன் கதையைக் கொஞ்சம் சொன்னாள். மெதுவாப் பேசு பாப்பா என்ற இடம் வந்ததும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"சத்தம் கேட்டு முழிச்சேம்மா. என் கைமேல வேற ரெண்டு கை இருந்துச்சு. அதுதான் ஸ்டியரிங்கப் பிடிச்சிருந்துச்சு. நல்லாத்தான் பிடிச்சிருந்துச்சு. அந்தச் சத்தத்துக்கு... என்னைவிட அது பயந்துடுச்சு. உதறிட்டு விட்டுடுச்சு."

அக்கா எழுந்துகொள்ளப் பார்த்தாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். போலீஸிடம் சொல்லவில்லை, வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் மூளை கலங்கிவிட்டது என்பார்கள் என்றார்.

"அது விடறதுக்கு முன்னாடி நான் நல்லாப் பாத்தேன்," என்றார். "ரெண்டுமே இடது கை."