கைப்பிடியத் தொடாத

கைய எடு. அந்தக் கைப்பிடியிலேருந்து மொதல்ல கைய எடுன்னேன். வண்டி விக்கறதுக்கு இல்ல. வெளம்பரம் நான் போடல, என் மக சிக்னே போட்டது. மினியாபொலிஸ்ல உக்காந்துக்கிட்டு, அப்பன ஒரு வார்த்த கேக்காம போட்டோவத் தூக்கிப் போட்டுட்டா. ஓ, நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தியா? திரும்பிப் போகவும் நாலு மணி நேரம் ஆகும், இப்பவே கெளம்பு.

யாரு அது, உன் பொண்டாட்டியா? செருப்பக் கழட்டிட்டு எதுக்கு என் புல்லுல நிக்குது? ஏம்மா! ரோட்டுக்குப் போ! போங்கறேன்ல! ஆமா, ஈரந்தான். காலையில நான்தான் ஹோஸ் புடிச்சு நனைச்சேன். ஏன்னு உனக்கு எதுக்கு?

என்ன, ரொம்பச் சின்னதா இருக்கா? பின்ன, காருக்குப் பின்னால மாட்டி பங்களாவா இழுத்துட்டுப் போகப்போற? நாப்பத்தேழாம் வருஷம் செஞ்சது. துளி மாதிரி ஒரு கூடு, ரெண்டு பேரு படுக்கலாம், எந்திரிச்சு நிக்க முடியாது. பின்மூடியத் தூக்கினா அடுப்படி. அவ்ளோதான். ஒரு பண்ணையில கோழி அடைஞ்சுக்கிட்டு கெடந்துச்சு. அலுமினியத் தகட ஒவ்வொண்ணாக் கழட்டி, கோழிப் பீயச் சொரண்டி, மக்கின பிளைவுட்டெல்லாம் பிச்சு எறிஞ்சு, நானும் வெர்னாவும் ரெண்டு குளிர்காலம் கராஜுக்குள்ளயே கெடந்தோம். வெர்னா யாரா? என் வீட்டுக்காரி. ஜன்னல் துணி அவ தைச்சது. தொடாம பாரு.

ஒயரிங் எப்படியா? என்கிட்டயே கேக்கறியா? இந்த ஏரியச் சுத்தி பாதி வீட்டுல வெளக்கு எரியுதுன்னா அது இந்த ஆர்வில் ட்வைட் இழுத்த ஒயரு. நாப்பது வருஷம். ஒரு இன்ஸ்பெக்டர் வாயத் தொறந்ததில்ல. நீ யூட்யூப்ல பாத்துட்டு வந்து என்னைக் கேள்வி கேக்கற. அந்த மஞ்ச ஒயரு தெரியுதா, வீட்டுலேருந்து வருது? கரண்டு ஓடுது. உள்ள வெளக்கு எரியுது. போதுமா?

உள்ள இருக்கற கரண்டுப் பெட்டியத் தொறந்து பாக்கணுமா? சரியான விடாக்கண்டன்டா நீ. பாரு. பாத்துட்டு எடத்தக் காலி பண்ணு.

என்னது? ஒரு ஓட்டை காலியா இருக்கா? ஸ்க்ரூ விட்டுப்போச்சா?

விட்டுப்போகல. காலியாத்தான் இருக்கணும். வீட்டு மெயின் பெட்டின்னா நியூட்ரலையும் எர்த்தையும் சேத்து அந்த ஓட்டையில ஒரு பச்ச ஸ்க்ரூ முடுக்கணும். ஆயிரம் வீட்டுல முடுக்கியிருக்கேன், கண்ணக் கட்டிவிட்டாலும் முடுக்குவேன். வண்டியில முடுக்கக் கூடாது. முடுக்கிட்டு, போற கேம்ப்ல வண்டிக்குக் கரண்டு எடுக்கற கம்பத்துல ஒயரு மாறியிருந்து, எர்த்தும் அறுந்திருந்துச்சுன்னா, இந்தத் தகடு பூரா கரண்டு. தரையில நின்னு தொட்டா தீந்துச்சு.

வெர்னா எங்க போனாலும் வெறுங்கால்தான். ஏரிக்கரை கேம்ப்ல, வந்த அன்னிக்குச் சாயங்காலமே சொன்னா, கைப்பிடியத் தொட்டா சுருசுருங்குது ஆர்வில்னு. எனக்கே ஒயரிங் சொல்லித்தரியா, போய்ப் படுடின்னேன். சிரிச்சேன் வேற. ராத்திரி பூரா மழை. காலையில பான்கேக் சுடறேன்னு எறங்கினா. அடுப்பப் பத்தவெச்சுட்டு, என்னை எழுப்பலாம்னு கதவத் தொறக்க வந்திருக்கா.

கம்பத்துலதான் கோளாறுன்னாங்க. கம்பத்துலயும் கோளாறுதான். நானும் தலையாட்டினேன். கேம்ப் வச்சிருந்தவன் இழுத்து மூடிட்டு ஊரவிட்டே போயிட்டான். சிக்னே இன்னிக்கும் அவனத்தான் சபிக்கறா. வெசாரிக்க ஆளுங்க வந்து வண்டிப் பெட்டியப் பாக்கறதுக்குள்ள நான் ஸ்க்ரூவக் கழட்டிச் சட்டப் பையில போட்டுக்கிட்டேன். இந்தா, இதுதான். நல்லாப் பாத்துக்க.

என்னை அப்படிப் பாக்காத. போய் யார்கிட்ட வேணாலும் சொல்லு. சிக்னே நம்பர்தான் வெளம்பரத்துலயே இருக்கே.

வண்டிய உனக்குக் குடுத்துட்டா நான் என்ன பண்றது? பனி உருகினதுலேருந்து தெனம் காலையில புல்ல நனைச்சு, வண்டிக்குக் கரண்டு குடுத்து, வெறுங்காலோட நின்னு அந்தக் கைப்பிடியப் புடிக்கறேன். ஒண்ணும் ஆக மாட்டேங்குது. அவ்ளோ சுத்தமா மாத்தி வெச்சிருக்கேன் ஒயர.

போ. போறப்ப அந்தப் பொண்ணச் செருப்பு மாட்டிக்கச் சொல்லு.