எழுந்திரிக்காத வில்மா

புத்திமதி மட்டும் சொன்னா கொட்டாவி விடுவீங்க... சாப்பாட்டு வாசனை வேற வருது. அதனால வளைகாப்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள சின்னதா ஒரு கதை சொல்லிடறேன்.

அமெரிக்காவுல ஒரு ஊரு. அங்க நடீன்னு ஒரு கறுப்பினப் பொண்ணு. அங்க கறுப்பினப் பொண்ணுங்க நிலைமை என்னன்னு கேட்டீங்கன்னா... மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. ஆஸ்பத்திரியில வலிக்குதுன்னு சத்தமா சொன்னா, 'இவ சண்டைக்காரி'ம்பாங்க. சொல்லாம இருந்தா, 'இவ எதையும் தாங்குவா'ம்பாங்க. நடீன் மூத்த பிள்ளை பெத்தப்ப வலின்னு கத்தி, நர்ஸுகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா. அதோட வாயை மூடிக்கிட்டா. வெள்ளைக் கோட்டு போட்டவங்க யார் கேட்டாலும் ஒரே பதில்தான்... 'நல்லா இருக்கேன்.'

இது நடீன் இருந்த தெருப் பொம்பளைங்களுக்குத் தெரியும். ஏன்னா அவங்களும் அதே பதிலைச் சொன்னவங்கதான். அதனால கூடிப் பேசி ஒரு ஏற்பாடு பண்ணாங்க. தெருவுல யாரு முழுகாம இருந்தாலும் அவளுக்குன்னு ஒரு துணை. ஆஸ்பத்திரிக்கும் கூடப் போகணும், பிள்ளை பொறந்த பிறகும் வீட்டுக்கு வந்து பார்க்கணும். நடீனுக்கு அமைஞ்ச துணை வில்மா. பள்ளிக்கூடத்துல சமையல் வேலை. பெத்தவளா? இல்ல. கூடப் பொறந்தவளா? அதுவும் இல்ல. பக்கத்து வீடு... அவ்வளவுதான்.

ரெண்டாவது பிரசவம் முடிஞ்சு நடீன் வீட்டுக்கு வந்த வாரம், வில்மா சூப் எடுத்துக்கிட்டுப் போறா. நடீன் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. வில்மா அவளைக் கார்ல ஏத்திக்கிட்டு, வழியெல்லாம் என்ன ஏதுன்னு கேட்டுக்கிட்டே நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா.

டாக்டர் சின்ன வயசு. நல்ல மனுஷன்தான். எப்படி இருக்கீங்கன்னு கேட்டார். நடீன் சிரிச்சுக்கிட்டே, 'நல்லா இருக்கேன் டாக்டர்... லேசா தலைவலி'ன்னா. பச்ச உடம்பு, தூக்கம் இருக்காது, மாத்திரை தர்றேன், போயிட்டு வாங்கன்னுட்டார். நடீன் எழுந்துட்டா. வில்மா... எழுந்திரிக்கல.

டாக்டர் பார்க்கிறார். வில்மா அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நடீனைப் பார்த்துச் சொன்னா:

'கார்ல என்கிட்ட என்ன சொன்னே? அதை அப்படியே இவர்கிட்ட சொல்லு. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்.'

நடீன் கதவைப் பார்த்தா... தரையைப் பார்த்தா... அப்புறம் மெதுவா, 'தலை வெடிக்குது டாக்டர். கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது. காலைல பிள்ளையைத் தூக்கினேன்... அது முகம் எனக்குத் தெரியல'ன்னா.

டாக்டர் திரும்ப உக்காந்தார். பிரஷர் பார்த்தார். அது எங்கேயோ ஏறி நிக்குது. பிள்ளை பெத்த பிறகும் பிரஷர் ஏறும், விட்டா வலிப்பு வந்து உசிரு போயிடும்னு எத்தனை பேருக்குத் தெரியும்? அப்பவே கட்டில்ல படுக்க வெச்சு மருந்து ஏத்தினாங்க. நடீன் பிழைச்சா.

வைத்தியம் பார்த்தது டாக்டர்தான், அந்தப் பெருமை அவருக்கு. ஆனா அன்னிக்கு வில்மாவும் எழுந்து போயிருந்தா, அந்த ரெண்டு பிள்ளைங்களுக்கும் தாய் இல்ல.

சரி... அமெரிக்கா கதை நமக்கெதுக்கு? அவங்க பட்டது வேற, நாம படறது வேற. ஒத்துக்கறேன். ஆனா அந்த 'நல்லா இருக்கேன்' நம்ம வீட்டுல இல்லையா? இருக்கு. இங்க அதுக்குப் பேரு 'ஒண்ணுமில்ல.' மாமியார் கேட்டா, ஒண்ணுமில்ல அத்தை. நர்ஸ் கேட்டா, ஒண்ணுமில்ல சிஸ்டர். புருஷன் கேட்டா... அவர் எங்க கேக்கிறார்?

இந்தப் பொண்ணுங்களுக்கு வளையல் போட வந்திருக்கீங்க. சந்தோஷம். போட்டுட்டு, சாப்பிட்டுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டுப் போயிடாதீங்க. இவங்கள்ல ஒருத்திக்காவது நீங்க துணையாப் போங்க. 'ஒண்ணுமில்ல'ன்னா இன்னொரு தடவை கேளுங்க. டாக்டர் 'போயிட்டு வாங்க'ன்னதும் அந்தப் பொண்ணு எழுந்திரிப்பா... பயத்துல எழுந்திரிப்பா.

நீங்க உக்காந்திருங்க.