உட்கார்ந்தபடி இறங்கிய உலகக் கோப்பைச் சரிவு

"உலகக் கோப்பை ஸ்கீயிங் ரேஸ் நடந்த மலைடா! உச்சியிலேர்ந்து கீழ வரைக்கும் பனியில சறுக்கி இறங்கிட்டேன். முக்கால்வாசி உட்கார்ந்துக்கிட்டே."

ஜெர்சி சிட்டியிலிருந்து மன்ஹாட்டன் போகும் காலை ரயில். சொன்னவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தச் சரிவை வரைந்து காட்டினார். உடன் வந்த நண்பருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"முதல் தடவை கத்துக்க வேற மலையே கிடைக்கலையா?"

"பக்கத்துலயே சின்ன மலை ஒண்ணு இருக்கு. ஆனா இதுல வருஷக்கணக்கா சாம்பியன்ஷிப் நடந்திருக்கு. கீழ டிக்கெட் குடுக்கிற இடத்துல, ஜெயிச்சவங்க போட்டோவா சுவர் முழுக்க மாட்டியிருக்கான். ப்ளஸ் டூவுல ட்யூஷன் சென்டரை எப்படிடா செலக்ட் பண்ணோம்?"

"சுவத்துல இருந்த போட்டோவைப் பாத்துதான்."

"அதேதான்! அவங்க ரெண்டு நிமிஷத்துல இறங்கியிருக்காங்க. எனக்கு ஒரு மணி நேரம். ரெஸ்க்யூ டீம் லேடி ஒருத்தங்க பாவம், பின்னாடியே வந்தாங்க. அவங்களும் சின்ன வயசுல அங்க ரேஸ்ல இறங்கினவங்களாம். மூணு தடவை. மூணு தடவையும் பாதியில விழுந்து அவுட். 'நீ முடிச்சிட்ட'ன்னு கை குடுத்தாங்கடா!"

நண்பரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"போட்டோ எடுத்தியா?"