சத்தத்துக்கு ஒரு கட்டம்

— இந்த எழுதிக் கதைக்கிற புரோகிராமில சத்தத்தை ஏன் போட்டனீர், தர்ஷன்? வேண்டாமெண்டெல்லே சொன்னனான்.

— பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் போனப்புறமும் இந்தக் கம்ப்யூட்டர் ரூம்ல ஒத்தையா ஒக்காந்து தட்டிக்கிட்டே இருக்கீங்க ரோகினி டீச்சர். லண்டன்ல இருக்க தம்பி கொரலயாவது கேக்கட்டுமேன்னுதான்.

— இப்ப அந்தச் சத்தத்தைக் கழட்டேலாதோ?

— கழட்ட முடியாதுங்க. இந்தச் சிஸ்டத்துல எந்த புரோகிராமையும் நாமதான் கட்டணும். கட்டுறதுக்கு முன்னாடி கட்டம் கட்டமா கேக்கும். படம் வேணுமா, பிரிண்டர் வேணுமா, சத்தம் வேணுமா. காலையில தோட்டத்துப் பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்பிடுறாப்ல. கூப்பிட்ட ஆளுதான் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும். நான் சத்தத்தையும் கூப்பிட்டுட்டேன்.

— திருப்பிக் கட்டும்.

— கட்டலாங்க. இந்தக் கெழட்டு மெசினுக்கு சனி ஞாயிறு பூரா வேணும்.

— அம்மா இப்ப வந்திடுவா.

— அம்மாவா? தம்பி இல்லியா?

— யாழ்ப்பாணத்தில நெட் கடைக்கு அம்மா வருவா. சத்தத்தோட கட்டினால் அந்தப் பக்கம் மைக் படம் தெரியுமெண்டு நீர்தானே சொன்னீர். இதில கதைக்கலாமெண்டு கடைக்காரர் உடன அம்மாவுக்குக் காட்டிடுவார்.

— காட்டட்டுமே. அம்மாவும் மகளும் பேசிக்கிட்டா என்னங்க?

— அம்மா என்னோட கதைக்கிறேல்லை. தம்பி லக்ஸ்மனோட கதைக்கிறா.

— அவரு லண்டன்ல…

— லண்டனுக்கு அவன் போய்ச் சேரேல்லை, தர்ஷன். கொழும்புக்கு வெளிக்கிட்டவனை வழியில பஸ்ஸால இறக்கிப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம். அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், கேட்டால் தாங்கமாட்டா. அவன்ர பேரில நான்தான் எழுதுறனான்.

— இத்தன நாளாவா டீச்சர்?

— சாப்பிட்டியோ, குளிருக்குச் சட்டை இருக்கோ எண்டு கேப்பா. இந்த டிக்கோயா மலைக் குளிரைத்தான் லண்டன் குளிரெண்டு எழுதுறன்.

— ஒங்களப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?

— அக்கா சுகமோ எண்டு கேப்பா. சுகமாம் எண்டு எழுதுவன்.

— மன்னிச்சிக்கங்க டீச்சர். நான் பாட்டுக்குப் பெரிய நல்லது செய்யிறதா நெனச்சு…

— ஐயோ, கம்ப்யூட்டரில மணி அடிக்குது. அம்மாதான்.

— எடுக்காதீங்க.

— எடுக்காட்டி பதறிப் போவா. நீர் லக்ஸ்மனாக் கதையும். அம்மா எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும். பிறகு லைன் அறுந்திட்டுதெண்டு நான் எழுதிறன்.

— என் பேச்சு ஒங்க ஊருப் பேச்சு இல்லியே டீச்சர்.

— அம்மா எண்டிறது எல்லா ஊரிலயும் அம்மாதான். கதையும் அப்பன், கெஞ்சிக் கேக்கிறன்.

— அம்மா.

— ஆரின்ர பிள்ளையப்பு நீ? பயப்பிடாதை. எழுதிறது லக்ஸ்மன் இல்லையெண்டு எனக்கு எப்பவோ தெரியும். சொன்னால் ரோகினி எழுதிறதை விட்டிடுவாளோ எண்டுதான் பேசாமல் இருந்தனான்.