கிருமியை அறியாத ரத்தம்

— சட்டைக் கையை இறக்கி விடுங்கண்ணே. இன்னைக்கு ரத்தம் எடுக்கல.

— பின்ன எதுக்கு டாக்டரம்மா கீழ ஸ்டோரைப் பூட்டிட்டு வரச் சொன்னீங்க? சரி, அதுவும் நல்லதாப் போச்சு. எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

— கேளுங்க.

— நம்ம தடுப்பூசியைப் போட்டுப் பாக்க ஆள் எடுக்குறீங்களாமே. என் பேரையும் எழுதிக்குங்க.

— போட்டுக்கிட்டா அப்புறம் உங்க ரத்தம் எங்க சோதனைக்கு உதவாது. தெரியும்ல?

— ஆறு வருஷமா குடுக்குறேன், தெரியாம இருக்குமா? ஊசி போட்டவங்க ரத்தத்தோட என் ரத்தத்தையும் கலந்து மூளைக்காய்ச்சல் கிருமி மேல விடுவீங்க. அவங்க ரத்தம் கிருமியைக் கைகாட்டி விடும். போட்டுத் தள்றது என் ரத்தம். ஆனா பாருங்க, என் ரத்தத்துக்கு அந்தக் கிருமியை முன்னப்பின்ன தெரிஞ்சிருக்கக் கூடாது. தெரிஞ்சா, கொன்னது ஊசியா நானான்னு குழம்பிப் போயிடும்.

— என் மாணவங்களே இவ்வளவு தெளிவா சொன்னதில்ல.

— அறுபது பேரைச் சோதிச்சதுல நான் ஒருத்தன்தானே தேறினேன். என் வீட்டுக்காரிகூடக் கேட்டா, ‘உங்களுக்குத் தலைதான் காலின்னு நெனச்சேன், ரத்தமுமா?’ன்னு.

— இப்ப என்ன திடீர்னு ஊசி மேல ஆசை?

— பொண்ணு கைக்குழந்தையோட வந்திருக்கா. பேத்திக்கு நாப்பது நாள். ஆறு நாளா ஒரே வீட்ல இருக்கோம், நான் இன்னும் அவளைத் தூக்கல.

— தூக்கவே இல்லையா?

— எப்படித் தூக்குவேன்? நாள் முழுக்க இந்தக் கட்டடத்துல இருந்துட்டுப் போறேன். குளிச்சிட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு, கதவோரமா நின்னு பாக்குறதோட சரி. மாமாவுக்குப் பொண்ணு பொறந்தது புடிக்கலையோன்னு மாப்பிள்ளை கேட்டுட்டாரு. பொண்ணு அழுதுட்டா. என்னத்தச் சொல்ல. ஊசியைப் போட்டுக்கிட்டா தைரியமாத் தூக்கிடுவேன்.

— கிருமி இருக்கிற அறை மூணாவது மாடியில, ரெண்டு கதவுக்கு உள்ள. அங்கேருந்து கீழ ஸ்டோருக்கு வராதுண்ணே. பஸ்ல உங்க மூஞ்சிக்கு நேரா இருமுறவர்கிட்டேருந்து வரும். பத்துல ஒருத்தர் தொண்டையில அது சும்மா உட்கார்ந்திருக்கு. அவருக்கே தெரியாது.

— அப்ப நான் பயந்ததெல்லாம் வீண்தானா?

— வீண்னு சொல்ல மாட்டேன். திங்கக்கிழமை எடுத்த உங்க ரத்தத்தை, வேற எதுவும் சேக்காம, கிருமியோட வச்சோம். வழக்கமா செய்யுறதுதான்.

— வளந்திருக்குமே. எப்பவும் வளருமே.

— வளரல. நாங்கதான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு மறுபடி வச்சோம். அப்பவும் வளரல.

— ஊசி இல்லாம, என் ரத்தமே கொன்னுடுச்சா?

— ஆமாண்ணே. உங்க ரத்தத்துக்கு இப்ப அந்தக் கிருமியைத் தெரிஞ்சிடுச்சு. அப்படின்னா உங்க தொண்டைக்கு வந்திருக்கு. இப்பவும் இருக்கலாம். உங்களை ஒண்ணும் செய்யாது. நாப்பது நாள் குழந்தைன்னா அப்படிச் சொல்ல முடியாது.

— அப்ப உங்க வேலை?

— அடுத்த வாரம் முன்னூறு பேர் ரத்தத்தைச் சோதிக்கணும். உங்களை நம்பித்தான் இருந்தேன், இப்ப நின்னு போச்சு. வேற ஆளைத் தேடுவோம், விடுங்க. நீங்க தூக்கலன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. தொண்டையில பஞ்சால தடவி எடுத்துச் சோதிச்சுப் பாத்துடுறேன். ஒரு மாத்திரை தர்றேன், போயிடும். ரெண்டு நாள் கழிச்சு ஆசை தீரத் தூக்குங்க.

— மாத்திரை ரெண்டா குடுங்க டாக்டரம்மா.

— ஒண்ணு போதும்ணே.

— எனக்கில்ல. நான் பாதி குடிச்சு வைக்கிற டீயைத்தான் என் வீட்டுக்காரி குடிப்பா, முப்பது வருஷமா. பால் குடிக்கிற நேரம் போக, குழந்தை அவ மடியிலதான் கிடக்கு.